கதிர் என்றொருவன் இல்லை

கதிர் என்று ஒருவன் கிடையாது. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஃபிட்டர் வேலை பார்ப்பவன், உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து நாக்குச் செத்துப்போனவன், என் தம்பி பாண்டி மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருப்பவன்... அந்தக் கதிர் நான்தான்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. முதலில் தம்பியிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். அவனிடம் சொல்லத் துணிவில்லாமல், முகம் தெரியாத உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். பாருங்கள், முகம் தெரியாதவர்களிடம்தான் எனக்கு வாய் திறக்கிறது! இந்தப் புத்தி என்னைவிட்டுப் போகவே போகாது போல.

நிதானமாக உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் வாசலில் நிற்கிறேன். மறுபடி வருகிறேன். அடுக்களையில் அம்மா காபி ஊற்றுகிற சத்தம் கேட்டால் கை நின்றுவிடுகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

என் பெயர் மலர்விழி. உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். மதுரைக்கு மேற்கே செக்கானூரணிப் பக்கம் எங்கள் பூர்வீகம். அப்பா நகரத்துக்கு வந்து லாரி பார்சல் ஆபீசில் சேர்ந்ததால் நாங்கள் காளவாசல்காரர்கள் ஆனோம். எங்கள் வகையறாவில் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமையை அம்மா தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்!

என் ஆராய்ச்சி என்னவென்று வீட்டில் முழுதாகச் சொன்னதில்லை. “இன்டர்நெட்டும் மன அழுத்தமும்” என்று மட்டும் சொல்லிவைத்தேன். யாருடைய மன அழுத்தம் என்பதை விழுங்கிவிட்டேன். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள்... இவர்கள் மனம் தாளாத நேரத்தில் இணையத்தில் என்ன செய்கிறார்கள், அது அவர்களை எந்த அளவுக்குத் தாங்குகிறது என்பதை அளக்க, தமிழில் ஓர் அளவுகோல் செய்வது. அதுதான் என் வேலை.

அளவுகோல் என்றால் ஒரு கேள்வித்தாள். “மனம் கனக்கும்போது என்னைப் போன்றவர்கள் எழுதியதைத் தேடிப் படிக்கிறேன்.” “அலைபேசி கையில் இல்லாத நாளில் மூச்சு முட்டுவதுபோல் இருக்கிறது.” “என் உண்மையான மனத்தை ஒருவரிடமாவது சொல்ல முடிகிறது.” இப்படி வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘எப்போதும்’ வரை. பதில் சொன்னவர்களிடமே இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும். இரண்டு முறையும் பதில்கள் பெரிதாக மாறாமல் இருந்தால் கோல் சரியான கோல்.

என் வழிகாட்டிப் பேராசிரியை, எல்லோருக்கும் அவர் மேடம், இதை வேறு மாதிரி சொல்வார். “ஜவுளிக்கடையில துணி அளக்குறதப் பாத்திருக்கீல்ல மலர்? அளக்குறவ துணிய இழுத்துப் பிடிச்சா அளவு தப்பாப் போயிரும். தொடணும், இழுக்கக் கூடாது.”

நான் இழுத்தேன். எம்புட்டு இழுத்தேன் என்று கேளுங்கள்.

கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் ஓர் உறுதிமொழி உண்டு. “நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் மாட்டோம்.” அதை எழுதியவள் நான். ‘மாட்டோம்’ போதுமா, ‘ஒருபோதும் மாட்டோம்’ என்று போடலாமா என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தவளும் நான்தான்! ஆனால் அந்தப் பக்கத்தில் என் பெயரைப் போடவில்லை. சொந்தக்காரர் எவர் கண்ணிலாவது பட்டால் வீட்டில் வம்பு வரும் என்று பயம். மேடத்தின் பெயரைப் போட்டுக் கீழே “ஆய்வு மாணவி” என்று மட்டும் எழுதினேன். மற்றவர்களை மனம் திறக்கச் சொல்லிவிட்டு நான் முக்காடு போட்டுக்கொண்டேன்.

பெயர் கேட்காமல், முதல் முறை எழுதியவரும் இரண்டாம் முறை எழுதியவரும் ஒருவரேதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு குறியீடு வைப்பது எங்கள் வழக்கம். அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். எழுதியவருக்கு மட்டுமே தெரியும், வேறு யாருக்கும் புரியாது. புரியாது என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் காலை, பல்கலைக்கழக நூலகத்தில் கணினி முன் உட்கார்ந்து புதிதாக வந்த பதில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீ, ரா, செ, மு... அடுத்த வரியில் ‘ஞா’ என்று இருந்தது. அதன் பக்கத்தில் பதினேழு. அதன் பக்கத்தில் நாற்பத்தாறு.

எங்கள் அம்மாவின் பெயர் ஞானம்மாள். பாண்டி பிறந்தது பதினேழாம் தேதி. அவன் எண் நாற்பத்தாறில் முடியும்.

உடனே மூடியிருக்கலாம்! மதுரையில் ‘ஞா’வில் பெயர் தொடங்கும் அம்மா எங்கள் அம்மா மட்டும்தானா, வேறு யாராவது இருக்கும் என்று எழுந்து டீ குடிக்கப் போயிருக்கலாம். முயல மாட்டோம் என்று எழுதிக்கொடுத்தவள், முயலாமல் இருந்திருக்கலாம். நான் அந்த வரியின் கடைசிவரை போனேன். ஒரு கட்டம் விடாமல் படித்தேன்.

“வீட்டில் ஒருவரிடமாவது இதைச் சொல்ல முடியும்” என்பதற்கு ‘ஒருபோதும் இல்லை’. அலைபேசி இல்லாவிட்டால் மூச்சு முட்டுகிறது என்பதற்கு ‘எப்போதும்’. கடைசியில், விரும்பியதை எழுதலாம் என்று ஒரு வெற்றுக் கட்டம் வைத்திருந்தேன். அதில் அவன் எழுதியிருந்தான்:

“கடைல பில்லு போட்டுக்கிட்டே குரூப்ல பேசுவேன். அங்க என் பேரு கார்பன். வீட்ல போன வெளியவே எடுக்க மாட்டேன். எங்க அக்கா கண்ணுல படக்கூடாது.”

ஆத்தாடி! நெஞ்சில் யாரோ மிதித்ததுபோல் இருந்தது. தம்பி ஆண்களை விரும்புகிறவன் என்று தெரிந்ததனால் வந்த அதிர்ச்சி இல்லை அது. அத்தனை பேரிடம் பேசியவள் நான், அதற்கெல்லாம் அசரமாட்டேன். அந்தக் கடைசி வரிதான்...

ஏனென்றால் அது உண்மை. அவன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது, சாப்பிடும்போதுகூட போனைப் பார்த்துத் தனக்குத்தானே சிரிப்பான். எனக்கு என்ன வந்தது? சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறான்! நான்தான் அப்பாவிடம் போய் வத்திவைத்தேன். “யார்ட்டயோ எந்நேரமும் பேசிக்கிட்டே இருக்கான்ப்பா. என்னான்னு கேளுங்க.” அப்பா போனைத் திறக்கச் சொன்னார். அவன் மாட்டேன் என்றான். கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் அந்தப் போன் சில்லுச் சில்லாகப் போனது.

பாண்டி அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். அந்த வருடம் இரண்டு பாடத்தில் தேறாமல் படிப்பைவிட்டான். சிம்மக்கல்லில் ஒரு பாத்திர மொத்தக்கடையில் பில் போடச் சேர்ந்தான். அதன் பிறகு என்னிடம் அவன் பேசியதெல்லாம் “சாப்ட்டேன்”, “போறேன்”, “வாரேன்”. யாருடைய மூச்சுக்காற்றை இணையம் தாங்குகிறது என்று அளக்கக் கிளம்பியவள், தன் வீட்டில் ஒருத்தன் மூச்சைக் கல்லில் அடிக்க வழிகாட்டியவள்!

இதற்குப் பிறகு அவன் முன்னால் போய் “தம்பி, எனக்குத் தெரியும்டா, நான் இருக்கேன்” என்று சொல்ல எந்த முகம் இருந்தது எனக்கு? சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பான். அவன் எழுதியதைத் திருட்டுத்தனமாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். மறுபடியும் அதே அக்கா... அதே உளவு வேலை.

இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். பயந்தேன் என்பதுதான் சரி.

கார்பன் என்ற பெயரில் ஒருவன் பேசுகிற அந்தக் குழுவில் நான் ஏற்கெனவே இருந்தேன். நடத்துபவரிடம் அனுமதி வாங்கி, கேள்வித்தாளின் இணைப்பைப் போட்டுவிட்டு ஓரமாக இருந்தேன். இரண்டே நாளில் இன்னொரு கணக்கு தொடங்கி உள்ளே போனேன். பெயர் கதிர். வயது இருபத்தாறு. கப்பலூரில் ஃபிட்டர். முன்பு ஒரு கணக்கெடுப்புக்காகக் கப்பலூர்ப் பக்கம் சில மாதம் போயிருக்கிறேன். அங்கே தண்ணீர் உப்பு, மதியம் தகரக்கூரை அனல் கக்கும், சங்கு ஊதினால் எல்லோரும் கை கழுவ ஓடுவார்கள் என்பதெல்லாம் தெரியும். அம்புட்டும் கதிருக்குப் பயன்பட்டது.

ஒரு வாரம், பத்து நாள்... அவன் கொஞ்சம் தெம்பானதும் விலகிவிடுவது என்பது என் கணக்கு. யார் அந்தக் கணக்கைப் போட்டது! நான் போட்டேனா, என் கள்ளத்தனம் போட்டதா?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசுவோம். அவன் கடையில் பில் புத்தகங்களுக்கு நடுவே. நான் பல்கலைக்கழகத்து வேப்பமரத்தடியில். “மாப்ள, சாப்ட்டியா?” என்று தொடங்குவான். என் தம்பி என்னை மாப்ள என்று கூப்பிட்டான்! கடை முதலாளி போனில் கத்துவதை எழுதிக் காட்டுவான். அண்டாவுக்கு மூடி கேட்டு வந்த கிழவரும் மூடிக்கு அண்டா கேட்டு வந்த கிழவியும் சண்டை போட்ட கதையைச் சொல்வான். நான் மரத்தடியில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிப்பேன். வீட்டில் வருடக்கணக்காக வாய் திறக்காமல் இருக்கிறவனுக்குள் இவ்வளவு கேலி, இவ்வளவு பேச்சு இருந்ததா!

என்னைப் பற்றியும் எழுதினான். “எங்கக்கா பெரிய படிப்புப் படிக்குது மாப்ள. ஆனா அதுக்கு மனுசன வாசிக்கத் தெரியாது.”

கதிர் என்ன பதில் எழுதினான் தெரியுமா? “விடு மாப்ள. அக்காமாருக மேல ஒரு பாசம் இருக்கும், சொல்லத் தெரியாது.” வெட்கங்கெட்டவள்! பொய்ப் பெயரில் உட்கார்ந்துகொண்டு எனக்கு நானே வக்காலத்து வாங்கினேன்.

இத்தோடு நின்றிருந்தால் அன்பினால் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். கேளுங்கள், இன்னும் இருக்கிறது.

இரண்டு வாரம் முடிந்தது. இரண்டாம் சுற்றுக்கு இணைப்பை அனுப்பினேன். முதல் சுற்றில் எழுதியவர்களில் பலர் திரும்ப வரவில்லை. மேடம் தினமும் கேட்டார். ‘ஞா’வும் வரவில்லை. அன்று மதியம் கதிர் கேட்டான், “மாப்ள, அந்த ஃபார்ம் மறுபடி வந்திருக்கே, போட்டியா?” “அட, அதே கேள்வியத் திருப்பிக் கேக்குறாய்ங்க மாப்ள, சோலியத்தவய்ங்க” என்றான் பாண்டி. “பாவம் யாரோ ஒரு பிள்ள படிப்புக்குக் கேக்குது, போட்டு விடு” என்றான் கதிர்.

போட்டுவிட்டான். கதிர் சொன்னால் செய்வான்.

“என் உண்மையான மனத்தை ஒருவரிடமாவது சொல்ல முடிகிறது.” முதல் முறை ‘எப்போதாவது’. இந்த முறை ‘எப்போதும்’. வெற்றுக் கட்டத்தில் ஒரே வரி: “இப்ப ஒருத்தன் இருக்கான். அது போதும்.”

அந்தப் பதிலை நான் நீக்கியிருக்க வேண்டும். அளப்பவளே இழுத்துப் பிடித்த துணி அது, கணக்கில் வரக்கூடாது. நீக்கவில்லை. ஏற்கெனவே ஆள் குறைவு... அது மட்டுமா? அந்த வரி அழகாக இருந்தது. ஐந்தாம் இயலின் தொடக்கத்தில் அதை மேற்கோளாகப் போட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்த வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு, “இணையம் இவங்களுக்கு என்ன குடுக்குதுன்னு இந்த ஒரு வாக்கியமே சொல்லிருதும்மா” என்றார். கைதட்டினார்கள். நான் கைகூப்பி நின்றேன்.

ஆனால் அது பின்னால் நடந்தது. அதற்கு முன்னால் தெப்பக்குளம் இருக்கிறது.

“நேர்ல பாக்கலாம் மாப்ள” என்று பாண்டி கேட்க ஆரம்பித்தான். ஓவர்டைம் என்றேன். லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்றேன். ஊரில் கோயில் கொடை என்றேன். மூன்றாவது முறை அவன் கோபப்படவில்லை. “உனக்குப் பயமா இருக்கும், எனக்குப் புரியுது. நான் வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியூர்த் தெப்பக்குளத்துல, கோயிலுக்கு எதிர்த்தாப்புல நிப்பேன். வந்தா வா. வராட்டியும் கோவிச்சுக்க மாட்டேன்” என்று எழுதினான். நான் ‘பாக்குறேன்’ என்று பதில் போட்டேன். வரமாட்டேன் என்று போடவில்லை. ஏன் போடவில்லை? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை!

அந்த ஞாயிறு மத்தியானம் பாண்டி என் அறைவாசலில் வந்து நின்றான். நீலச் சட்டை, அவனே தேய்த்தது. “யக்கா, இந்தச் சட்டை நல்லாருக்கா?”

எத்தனை வருடம் கழித்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்! அப்போதாவது சொல்லியிருக்கலாம். போகாதடா, அங்கே யாரும் வரமாட்டார்கள் என்று. ஒரே வார்த்தை. “நல்லாருக்குடா, எங்க கிளம்பிட்ட?” என்று கேட்டேன். “சும்மா, ஒரு ஃப்ரெண்டப் பாக்க” என்றான். முகமெல்லாம் அப்படி ஒரு வெளிச்சம்.

நானும் போனேன். ஆமாம், போனேன்! துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, சாலைக்கு எதிர்ப்பக்கம் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்றேன். அவன் குளத்துச் சுவரில் சாய்ந்து நின்றான். கையில் ஒரு பார்சல். போகிற வருகிற ஒவ்வொருவனையும் பார்த்தான். அந்த வயதுள்ள எவனாவது வண்டியை நிறுத்தினால் நிமிர்ந்து நின்று சட்டையை இழுத்துவிட்டான். அவன் தன்னைத் தாண்டிப் போனதும் மறுபடி சாய்ந்தான். நடுவில் போனில் எதையோ தட்டினான். என் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. “வந்துட்டேன் மாப்ள. நீலச் சட்டை.”

மறுபடி அதிர்ந்தது. “அவசரமில்ல, பைய வா.”

நான்கு மணியிலிருந்து ஆறரை மணிவரை நின்றான். சாறு பிழிகிறவர் என்னைப் பார்த்து, “என்னம்மா, யாருக்காகக் காத்திருக்கீக? மூணாவது கிளாஸ் குடிக்கிறீகளே” என்றார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவந்து பஸ் ஏறினேன்.

எனக்குப் பின்னால் அவன் வீட்டுக்கு வந்தான். பார்சலைப் பிரித்து அடுக்களையில் வைத்தான். ஒரு ஸ்டீல் ஃப்ளாஸ்க். “ஏதுடா இது?” என்று அம்மா கேட்டாள். “கடைல குடுத்தாங்க.” கடையில் யாரும் கொடுக்கவில்லை. கப்பலூர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை என்று கதிர் ஒரு நாள் எழுதியிருந்தான். வீட்டிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுபோகக் கதிருக்கு என்று வாங்கியது. அன்றிலிருந்து அம்மா அதில்தான் காபி போட்டு வைக்கிறாள். தினமும் இரண்டு வேளை அதிலிருந்து எனக்கும் ஊற்றித் தருகிறாள். நானும் குடிக்கிறேன்!

அன்று அவனிடமிருந்து வந்த கடைசிச் செய்தி, “ஒண்ணும் இல்ல மாப்ள, இன்னொரு நாள் பாப்போம்.”

மறுநாள் காலையில் கதிரை அழித்தேன். விடைபெற்று ஏதாவது எழுதலாம் என்று பார்த்தேன். வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று எழுதினேன், அழித்தேன். கல்யாணம் என்று எழுதினேன், அழித்தேன். எதை எழுதினாலும் அவன் ஒரு கேள்வி கேட்பான் என்று தோன்றியது. கடைசியில் ஒரு சொல்லும் இல்லாமல் கணக்கையே மூடிவிட்டேன். தெப்பக்குளத்துக்கு வராதவன், மறுநாள் உலகத்திலேயே இல்லாமல் போனான். அதை அவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று நான் யோசிக்கவே இல்லை. மன அழுத்தத்தை அளப்பவள் யோசிக்கவே இல்லை!

பாண்டி மறுபடி “சாப்ட்டேன்”, “போறேன்” என்பதற்கே திரும்பினான். அதுகூடக் குறைந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். வாரவிடுமுறையில் எங்கோ போய்விட்டு வெயிலில் கறுத்துத் திரும்புவான். நான் இங்கே ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

பட்டம் வாங்கிச் சில நாள் கழித்து, பைண்டு செய்த ஆய்வேட்டை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் பாண்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அட்டையில் பொன்னெழுத்தில் தலைப்பு. இந்த முறை எதுவும் மறைக்கப்படவில்லை.

“யக்கா... நீ எங்களப் பத்தியா எழுதிருக்க?”

‘எங்களை’ என்றான். கதவைச் சாத்தினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எனக்குத் தெரியாமப் போச்சுக்கா. உன்னைய என்னமோ நெனச்சிருந்தேன். நீ அம்புட்டுப் பேருக்காக உக்காந்து எழுதிருக்க...” என்று அழுதான். போன் சில்லானபோது அழாதவன், என் தோளில் முகத்தை வைத்து அழுதான். தான் யார் என்பதை அவன் வாயாலேயே என்னிடம் சொன்னான். நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவள்போல் அவன் தலையைத் தடவினேன்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். “நானும் இந்த ஃபார்ம போட்டிருக்கேன் தெரியுமா? அதுல உன்னையத் திட்டி வேற எழுதிருக்கேன். நல்லவேள, யாரு எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல?”

“தெரியாதுடா” என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். தெரியும், படித்தேன், கதிர் நான்தான், என்னை அடி என்று. வாய்வரை வந்தது. அவன் இப்போதுதானே என் தோளில் சாய்ந்திருக்கிறான்... சொன்னால் எழுந்து போய்விடுவானே, மறுபடி “வாரேன், போறேன்” ஆகிவிடுமே என்று விழுங்கினேன். அவனைக் காப்பாற்ற என்று சொல்ல மாட்டேன். எனக்கு என் தம்பி வேண்டியிருந்தான்.

பிறகு ஐந்தாம் இயலைத் திறந்தான். தான் எழுதிய வரியைப் பார்த்தான். விரலால் தொட்டான்.

“இது நான் எழுதுனதுக்கா. இதுல வர்ற ஒருத்தன்... அவன் பேரு கதிரு. திடீர்னு காணாமப் போயிட்டான். அவங்க வீட்ல தெரிஞ்சு அடிச்சுக்கிடிச்சுப் போட்டாங்களோ, ஏதாச்சும் பண்ணிக்கிட்டானோன்னு பயந்து வருதுக்கா. லீவு நாள்ல கப்பலூர் போயி ஒவ்வொரு கேட்டாக் கேட்டேன். வாட்ச்மேன்லாம் ஒரு மாதிரிச் சிரிக்கிறாய்ங்க. நீ டாக்டரு, ஆராய்ச்சின்னு சொல்லிக் கேட்டா மரியாதையாச் சொல்லுவாங்க. எம்புட்டோ பேர்ட்ட பேசிருக்க, இந்த ஒருத்தன மட்டும் கண்டுபிடிச்சுக் குடுத்துருக்கா...”

“தேடிப் பாப்போம்” என்றேன். நானா சொன்னேன்! என் வாய்தான் சொன்னது.

போன ஞாயிறு இருவரும் கப்பலூர் போனோம். கிளம்பும்போது அவன் அடுக்களையில் ஃப்ளாஸ்க்கைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தான். “காப்பி வாடை அடிக்குது. இருந்தாலும் கண்டுபிடிச்சா குடுக்கணும்ல” என்று என் கையில் தந்தான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து, வழி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். திருநகர் தாண்டியதும் எதிர்க்காற்றில் அவன் ஏதோ பேசிக்கொண்டே வந்தான், பாதி கேட்டது. அண்டா கேட்ட கிழவரின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாகக் கேட்பதுபோல் சிரித்தேன்.

ஞாயிறு ஷிஃப்ட் ஓடுகிற நான்கு கேட்டுகளில் நான் இறங்கிக் கேட்டேன். “கதிர்னு ஒரு ஃபிட்டர்... இருபத்தாறு வயசு இருக்கும்.” இல்லாத ஒருவனுக்கு நானே வயதும் வேலையும் சொல்லி, அதையே காவலாளிகளிடம் கேட்டேன். மூன்றில் இல்லை என்றார்கள். நான்காவது இடத்தில், “கதிரேசன்னு ஒருத்தர் இருக்காருங்க, வரச் சொல்றேன்” என்று உள்ளே ஆள் அனுப்பினார்கள்.

பாண்டி வண்டியிலிருந்து இறங்கினான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். தெப்பக்குளத்தில் பார்த்த அதே இழுப்பு. என்னிடமிருந்து ஃப்ளாஸ்க்கை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அந்தச் சில நிமிடம்... நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் வேண்டிக்கொண்டேன். எவனாவது ஒருவன் வந்து நான்தான் கதிர் என்று சொல்லிவிட மாட்டானா என்று!

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். “யாரு தம்பி நீங்க? என்னா வேணும்?”

“இல்லண்ணே, வேற ஆளு. மன்னிச்சுக்கங்கண்ணே” என்றான் பாண்டி. ஃப்ளாஸ்க்கை என்னிடம் திருப்பித் தந்தான். வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

“அவன் குரலக்கூட நான் கேட்டதில்லக்கா. பக்கத்துலயே நின்னு பேசுனாலும் எனக்குத் தெரியாதுல்ல?”

நான் ஃப்ளாஸ்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

“சரி, விடு. அடுத்த ஞாயித்துக்கிழமை திருமங்கலம் பக்கம் பாப்போம். வாரியாக்கா?”

“வாரேன்டா” என்றேன்.

நாளை ஞாயிறு.